சாமிச் சாவியும் வண்டிச் சாவியும்

வாங்க டீச்சர், வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடுங்க, நாய் தூக்காது, எங்க வீட்டுல நாயே இல்லை. பூட்டுக்கார பாயோட போன் நம்பர்தானே? தர்றேன். அதுக்குள்ள என்ன அவசரம்? டீ கொதிக்குது, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டில்ல உட்காருங்க. சின்னவள் பக்கத்துல தூங்கறாளேன்னு பார்க்காதீங்க, அவள் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாள். அப்படியே அவங்கப்பா. அந்தச் சாவியை மேசை மேல வையுங்க, எங்கேயும் ஓடாது.

ஸ்கூட்டர் சாவி சிக்குதுன்னு நீங்க சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சாவி சிக்கற விஷயத்துல இந்த ஊர்ல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. நீங்க எட்டாங்கிளாசுக்குக் கணக்கு நடத்தலாம். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு படிச்சதோட சரி. ஆனா ஒரு கார்ப் பூட்டை முழுசாக் கழட்டி எவர்சில்வர் தட்டுல பரப்பி வெச்சு, தகடு எத்தனை, ஸ்பிரிங்கு எத்தனைன்னு எண்ணிப் பார்த்தவள் நான்.

வாசல்ல ஒரு வெள்ளைக் கார் நிக்குதே, பார்த்தீங்களா? அதேதான். பழைய கார்தான். ஆனா ‘பழசு’ங்கற வார்த்தையை மட்டும் இந்த வீட்டுல சத்தமாச் சொல்லிடாதீங்க. அந்த ஒரு வார்த்தையாலதான் இத்தனையும்.

மூத்தவள் தர்ஷிகாவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால காது குத்தினோம். எங்கண்ணன் சென்னியப்பன் தாய்மாமன் சீரா அந்தக் காரைக் கொடுத்தார். அவரே பன்னெண்டு வருஷம் ஓட்டின கார். அவருக்கு உயிர். சாவியைத் தாம்பாளத்துல வெச்சு, தேங்காய், பழம், வெத்தலைக்கு நடுவுல கொண்டுவந்து நீட்டினப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எந்த அண்ணன் காரைக் கொடுப்பான், சொல்லுங்க? எல்லாரும் ஒரு கம்மலும் பட்டுப்பாவாடையும் கொடுத்துட்டு மூணு பந்தி சாப்பிட்டுப் போவாங்க.

அப்பத்தான் என் நாத்தனார் வளர்மதி, பந்தியில உட்கார்ந்துக்கிட்டு, பாயசத்தை உறிஞ்சிக்கிட்டு, “சீர்னா புதுசு குடுப்பாங்க. இவங்க வீட்டுல இருக்கற பழசைத் துடைச்சுக் குடுக்கறாங்க”ன்னு சொன்னாள். மெதுவாச் சொன்னதா அவளுக்கு நினைப்பு. பந்தி முழுக்கக் கேட்டுச்சு. எங்கண்ணன் காதுலயும் விழுந்துச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே எலையை மடிச்சார். அந்தச் சிரிப்பை நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கலை டீச்சர்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தக் காரை ஒருத்தரும் ஒரு குத்தம் சொல்லக் கூடாது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இன்ஜின் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முன்னால போய் நிப்பேன், அவ்வளவுதான். ஆனா ஒரு பொருளை எப்படி மரியாதையா வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாம, தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, கார்ச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுடுவேன். டப்பாச் சந்தனம் இல்லை. கட்டையைக் கல்லுல உரசி, பன்னீர் விட்டு, குழைவா எடுத்த சந்தனம்.

முதல்ல எல்லாம் சாவியோட தலையில மட்டும்தான் வெச்சுக்கிட்டிருந்தேன். போன தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து யோசிச்சேன். சாவியில வேலை செய்யறது எது? தலையா, பல்லா? பல்லுதானே பூட்டுக்குள்ள போய் உழைக்குது? தலை சும்மா வெளியில தொங்கிட்டுத்தானே இருக்கு? உழைக்கறதை விட்டுட்டுத் தொங்கறதுக்கு மரியாதை பண்ணினா சாமி ஏத்துக்குமா? அன்னியில இருந்து பல்லுக்கு வெச்சேன். ரெண்டு பக்கமும். நல்லா உள் மடிப்பு வரைக்கும் போற மாதிரி. வெச்ச ஈரம் காயறதுக்குள்ள கார்ல போய்ச் சொருகி எடுத்துடுவேன், பூட்டுக்கும் கொஞ்சம் கிடைக்கணும் இல்லையா?

அந்தத் தை மாசத்துல இருந்துதான் டீச்சர், வண்டிக்குக் கண்ணு பட ஆரம்பிச்சுச்சு.

சாவி உள்ள போகும், திரும்பாது. எங்க வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடிச்சு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுப்பார். உரல்ல மாவாட்டற மாதிரி இருக்கும் பார்க்கறதுக்கு. ஸ்டியரிங்கும் பூட்டிக்கும். வேர்த்து விறுவிறுத்து, சாவியை எடுத்து ஊதி, மறுபடியும் போட்டு... பத்தாவது தடவை திரும்பும். இல்லைன்னா திரும்பாது.

இதுல ஒரு கணக்கை நான்தான் கண்டுபிடிச்சேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிச்சா, சனிக்கிழமை காலையில சாவி சிக்கும். ஞாயித்துக்கிழமை தானாவே சரியாயிடும். அந்த வாரம் முழுக்க வெண்ணெய் மாதிரி திரும்பும். மறுபடி வெள்ளிக்கிழமை வந்தா, சனிக்கிழமை சிக்கும். இதுல இருந்து என்ன தெரியுது? வளர்மதி எங்க வீட்டுக்கு என்னைக்கு வருவாள் தெரியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம்! வாசல்ல செருப்பைக் கழட்டறப்போ காரை ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் உள்ள வருவாள். இப்பப் புரியுதா டீச்சர்?

கண்ணு அவ்வளவு பலமா இருந்தா நாமும் பலமாத்தானே போகணும்? செவ்வாய்க்கிழமையும் பூஜை போட ஆரம்பிச்சேன். பூட்டு ஓட்டைக்குள்ள விபூதியை ஒரு சிட்டிகை வெச்சு ‘ஃபூ’ன்னு ஊதி விட்டேன். விளக்கெண்ணெயை ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுத்தான், விட்டேன். அப்பவும் அப்படித்தான், புதன்கிழமையும் சேர்ந்து சிக்க ஆரம்பிச்சுச்சு. சனிக்கிழமை சிக்கும், ஞாயித்துக்கிழமை சரியாகும்.

இவர் இருக்காரே, எங்க வீட்டுக்காரர், இவருக்கு எங்க பிறந்த வீட்டுப் பொருள்னாலே ஒரு இளக்காரம். ஒரு நாள் மெதுவா ஆரம்பிச்சார். “ஏம்புள்ள, அந்தச் சந்தனத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?”ன்னார். எனக்கு வந்துச்சே கோவம்! எங்கண்ணன் குடுத்த வண்டிக்கு ஒரு பொட்டுச் சந்தனம் வெக்கறதுகூட உங்க கண்ணை உறுத்துதான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாவது நாள் அவரே கடைக்குப் போய் ஒரு புதுச் சந்தனக்கட்டை வாங்கிட்டு வந்து பூஜை மாடத்துல வெச்சார். தப்பு பண்ணினா ஒத்துக்கணும், அந்தக் குணம் அவர்கிட்ட உண்டு.

ஆனா சோம்பேறி டீச்சர். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் “வண்டி கழுவறேன்”னு கிளம்புவார். கையில ஒரு குண்டான் இருக்கும். எட்டிப் பார்த்தா வண்டி மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காது. உள்ள உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கிட்டு, பாட்டைப் போட்டுக்கிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ தலையைத் தொங்கப் போட்டுத் தூங்குவார். ஒரு மணி நேரம்! எழுந்து வர்றப்போ கையெல்லாம் கரி. தூங்கறவருக்குக் கையில எப்படிங்க கரி வரும்? வெளங்காத மனுசன்.

இன்னொண்ணு கேளுங்க. இந்த வீட்டுல என் பல் விளக்கற பிரஷ்ஷு மட்டும் காணாமப் போகும். மாசத்துக்கு ஒண்ணு. ஒரு தடவை காணாமப் போனது திரும்பி வந்துச்சு, வாயில வெச்சா பெட்ரோல் நாத்தம். கடைக்காரர்கிட்டப் போய், “என்னங்க, பிரஷ்ஷை எல்லாம் பெட்ரோல் பங்க்லயா வாங்கறீங்க?”ன்னு நல்லாக் கேட்டுட்டு வந்தேன். அவர் பாவம், திருதிருன்னு முழிச்சார்.

இருங்க, டீ பொங்குது... இந்தாங்க. சர்க்கரை போதுமா? குடிங்க.

எங்க விட்டேன்? ஆங், ஆடி மாசம். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோட தாராபுரம் போயிட்டு வர்றப்போ, ரேஷன் கடை வாசல்ல வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து சாவியைப் போட்டா, அசையலை. ரேஷன் கடையில கூட்டம்னா கூட்டம், ஊரே நிக்குது. இவர் மாவாட்டறார், மாவாட்டறார், அசைய மாட்டேங்குது. பின்னால இருந்து ஒருத்தர், “என்ன மாப்பிள்ளை, காருக்குள்ள கரகாட்டமா?”ன்னார். அவ்வளவுதான், இவருக்கு முகம் செவந்து போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு என்கிட்ட சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு தடவை இது நாலு பேர் முன்னால நின்னுச்சுன்னா, கட்டி இழுத்துட்டுப் போய் உங்கண்ணன் வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்துடுவேன்.”

சீரைத் திருப்பிக் கொண்டுபோய் விடறதாம் டீச்சர்! அதுக்கு என்னையே கொண்டுபோய் விட்டுடலாம். எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? வளர்மதிக்குப் பாயசமே தேவையில்லை, அந்தச் சேதி ஒண்ணே போதும் இனிக்கறதுக்கு.

அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏன்னா ஆவணியில சின்னவளுக்குக் காது குத்தறதா நாள் குறிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை, குலதெய்வம் கோயில்ல. மடியில உட்கார வெக்கறதுக்கு எங்கண்ணன் வர்றார். அவர் குடுத்த கார்லதான் எல்லாரும் போகணும்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வளர்மதிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அன்னிக்கு வண்டி நின்னுச்சுன்னா?

அதனால, முந்தின வெள்ளிக்கிழமை பெரிய பூஜையாவே போட்டுட்டேன். பழனியில இருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தம் ஒரு டப்பா இருந்துச்சு. சாமிக்குப் படைச்சேன். நாங்க சாப்பிட்டோம். வண்டிக்கும் ஒரு துளி, அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? சாவி நுனியில தொட்டு உள்ள வெச்சேன்.

சனிக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, சாவி திரும்பறது இருக்கட்டும், உள்ளயே போகலை. பாதியில நின்னுக்கிச்சு.

நல்ல வேளை, இவர் கிடா பிடிக்கப் பக்கத்து ஊருக்கு மொபெட்ல போயிருந்தார். மத்தியானம்தான் வருவார். ரைஸ்மில் சுவத்துல ‘எல்லா வகைப் பூட்டுகளும் திறக்கப்படும்’னு எழுதி ஒரு நம்பர் இருக்குமே, ஓடிப்போய்ப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். அப்படி வந்தவர்தான் ஜமாலுதீன் பாய். ஐம்பது வயசு இருக்கும். பைக்குக்குப் பின்னால ஒரு பொட்டி, அதுல சாவி வெட்டற மெஷின். மரியாதையான மனுசர்.

கதவைத் திறந்து உட்கார்ந்தார். பூட்டுக்கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். ஒரு தடவை மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார்.

“அம்மிணி, இது கார்தானே?”ன்னார்.

“ஏன் பாய், சந்தேகமா?”

“இல்ல, மணக்குதே.”

“எங்கண்ணன் குடுத்த கார் பாய்”னேன். வேற என்ன சொல்றது?

ஒரு ஊசிக் குழாய்ல பெட்ரோலை உறிஞ்சி, பூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா விட்டார். அரை மணி நேரம் பொறுமையா உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரோட மரப்பிடியால சாவித் தலையைத் தட்டுவார், ஸ்டியரிங்கை லேசா அசைப்பார், பெட்ரோல் விடுவார், மறுபடி தட்டுவார். எங்க வீட்டுக்காரர் மாதிரி மல்லுக்கட்டவே இல்லை. குழந்தைக்கு மருந்து புகட்டற மாதிரி. திடீர்னு ‘டொக்’னு ஒரு சத்தம், சாவி ஒரு படி திரும்புச்சு. அந்த ஒரு படி திரும்பினாத்தான் பூட்டை வெளிய எடுக்க முடியுமாம். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற மூடியைக் கழட்டினார். அங்க ஒரு சின்ன ஓட்டை, அதுக்குள்ள மெல்லிசுக் கம்பியை விட்டு அமுக்கிட்டு இழுத்தார். பூட்டோட உள் உருளை அப்படியே கையோட வந்துடுச்சு. என் கட்டைவிரல் நீளம்தான். இதுக்கா இத்தனை ஆட்டம்னு ஆயிடுச்சு எனக்கு.

ஆனா பாய் உருளையைப் பார்க்கலை. கழட்டின மூடியோட ஸ்க்ரூவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை யாரோ அடிக்கடி கழட்டியிருக்காங்களே அம்மிணி. எல்லாம் புதுக் கீறல்.”

“யாரும் இல்லீங்க பாய். எங்கண்ணன் குடுத்த நாள்ல இருந்து இதுல ஒருத்தர் கை படலை.”

“அப்போ கீறல்?”

“எலியா இருக்கும்.”

பாய் ஸ்க்ரூவை ஓரமா வெச்சார். “இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கற எலி”ன்னார். தொழில்காரங்க இப்படி எல்லாம் எலியைப் பார்த்திருப்பாங்க போல.

எவர்சில்வர் தட்டு கேட்டார், கொடுத்தேன். அதுல உருளையைத் தட்டினார். முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? எறும்பு! சின்னச் செவப்பு எறும்பு, ஒரு முப்பது நாப்பது இருக்கும். வரிசையா வெளிய வந்து தட்டை ஒரு சுத்துச் சுத்துச்சு. அடுத்தது, களிம்பு. மஞ்சளும் செவப்புமா, கெட்டியா, மெழுகு மாதிரி. பாய் அதை ஒரு குச்சியால வழிச்சு வழிச்சு எடுத்துக்கிட்டே, “எங்க சந்தனக்கூடு திருவிழாவுலகூட நான் இவ்வளவு சந்தனம் பார்த்ததில்லை”ன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு டீச்சர். ஏழு மாசம் ஆகியும் வாசம் போகலை பாருங்க! வளர்மதி கண்ணு எவ்வளவு உள்ள போயிருந்தா, சந்தனம் அவ்வளவு உள்ள போய் அதைத் தடுத்து நின்னிருக்கும்? இது மட்டும் இல்லைன்னா பூட்டே வெடிச்சிருக்கும். பாய்கிட்ட அப்படித்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஒரு தடவை மூச்சு விட்டார்.

அந்த உருளைக்குள்ள பித்தளைத் தகடு இருக்கு, எட்டு. நகத்துல பாதிகூட இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங்கு. சாவிப் பல்லு ஒவ்வொரு தகட்டையும் அதது இடத்துல தூக்கி நிறுத்தினாத்தான் பூட்டு திரும்புமாம். எல்லாத்தையும் பிரிச்சு, காலிப் பஞ்சாமிர்த டப்பாவுல பெட்ரோல் ஊத்தி ஊறப் போட்டார். “பழைய டூத் பிரஷ் ஒண்ணு இருக்குமா?”ன்னு கேட்டுக்கிட்டே சீட்டுக்கடியில கையை விட்டுத் துழாவினார். ரோஸ் கலர்ல ஒண்ணு வெளிய வந்துச்சு. என்னோட பிரஷ்ஷு! ஆடி மாசம் காணாமப் போனது!

“பார்த்தீங்களா பாய்! அந்த மனுசன் கார்ல உட்கார்ந்து பல்லு விளக்கறார்!”

பாய் பிரஷ்ஷை மோந்து பார்த்தார். ஸ்க்ரூக் கீறலைப் பார்த்தார். அப்புறம் முகம் எல்லாம் சிரிப்பா, “உங்க வீட்டுக்காரர் நல்ல மனுசர் அம்மிணி”ன்னார்.

பல்லு விளக்கினா நல்ல மனுசரா? என்ன சர்டிபிகேட்டோ!

அந்த நேரம் பார்த்து ‘டுர்ர்’னு மொபெட் சத்தம். இவர் வந்துட்டார்! முன்னால கிடா நிக்குது, பின்னால இவர். கார்க் கதவு திறந்து கிடக்கு, பூட்டு தட்டுல கிடக்கு, நான் நடுவுல நிக்கறேன். சட்டுனு தட்டு மேல முறத்தைக் கவுத்தேன்.

“யாரு புள்ள இது?”

“காது குத்தறவருங்க.” வாயில அதுதான் வந்துச்சு.

“பாயா?”

“பாய் குத்தினா குழந்தைக்கு வலிக்காதாமுங்க.”

இவர் பாயைப் பார்த்தார். பாய் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். “குழந்தைக்குப் பதினொரு மாசம்தான் ஆகுது. இத்தனை பெரிய ஊசியா?”ன்னார்.

கிடா ‘மே’ன்னுச்சு. அது ஒண்ணுதான் உண்மை பேசுச்சு.

முறத்தை மெதுவாத் தூக்கிப் பார்த்தார். இப்பக் கத்துவார், இப்பக் கயித்தை எடுத்துக் காரைக் கட்டி இழுப்பார்னு பார்த்துக்கிட்டே நிக்கறேன். கத்தலை டீச்சர். குத்துக்கால் போட்டுத் தட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்தார். “பார்த்துங்க பாய், மூணாவது தகட்டு ஸ்பிரிங்கு தெறிக்கும். போன மாசம் சீட்டுக்கடியில போயி, தேடறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.”

போன மாசம் பூட்டை எங்க கழட்டினோம்? இவருக்கு மாசமும் தெரியாது, தேதியும் தெரியாது. ஆனா எதையும் தனக்குத் தெரிஞ்ச மாதிரி பேசறதுல மட்டும் குறைச்சல் இல்லை.

“எண்ணெய் விட்டீங்களா?”ன்னார் பாய், தணிஞ்ச குரல்ல.

“நான் விடல”ன்னார் இவர், அதைவிடத் தணிஞ்சு.

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பொம்பளை நிக்கறப்போ தொழில் பேச்சுப் பேசக் கூச்சம் போலன்னு நான் கிடாவுக்குத் தண்ணி வெக்கப் போயிட்டேன்.

அப்புறம் தர்ஷிகாவோட பென்சிலை வாங்கி, கூர் சீவற மாதிரி கரியைச் சுரண்டி, அந்தப் பொடியைத்தான் தகட்டுக்கெல்லாம் போட்டார் பாய். பூட்டுக்கு எண்ணெய் ஆகாதாம், தூசியைச் சேர்க்குமாம். பென்சில் கரிதான் வழுக்குமாம். “என் பென்சிலு, என் பென்சிலு”ன்னு அவள் ஒரு பாட்டம் அழுதாள். உருளையை மாட்டி, மூடியை முடுக்கி, சாவியைப் போட்டார். ஒரே திருப்பு. ‘விர்ர்ர்’! எங்கண்ணன் வண்டின்னா சும்மாவா?

கிளம்பறதுக்கு முன்னால பாய் இன்னொரு வேலை பண்ணினார். எங்கண்ணன் கூடவே குடுத்த ரெண்டாவது சாவி ஒண்ணு, தேயாதது, பூஜை மாடத்துலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பார்த்து மெஷின்ல புதுசா ஒண்ணு வெட்டினார். பழைய தேஞ்ச சாவியை என் கையில கொடுத்தார். “அம்மிணி, இது சாமிச் சாவி. இதுக்குச் சந்தனம், குங்குமம், பால், தேன், எது வேணாலும் பண்ணுங்க. இந்தப் புதுசு வண்டிச் சாவி. இது உங்க வீட்டுக்காரர் பாக்கெட்டை விட்டு வெளிய வரக் கூடாது. சாமிச் சாவிக்குப் பண்ணினா வண்டிச் சாவிக்குப் போய்ச் சேரும்.”

எவ்வளவு விவரமான மனுசர் பாருங்க! நம்ம பூசாரிக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. இவர் பாய் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை, என்னமோ ஜெயில்ல இருந்து மீட்டு விட்ட மாதிரி.

மறுநாள் கோயில். எங்கண்ணன் மடியில சின்னவளை உட்கார வெச்சு, கம்மல் போட்டாச்சு. அவள் அழவே இல்லை, எங்கண்ணன் மீசையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாள். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. சாமிச் சாவி வீட்டுல இருக்கு. இங்க குலதெய்வத்துக்கு எதிர்ல வண்டிச் சாவி வெறுஞ்சாவியா இவர் பாக்கெட்டுல கிடக்கு. குலதெய்வம் என்ன நினைக்கும்? வீட்டுச் சாமிக்கு ஒரு மரியாதை, எனக்கு ஒரு மரியாதையான்னு கேக்காதா? “குழந்தை விளையாடக் கேக்குது, சாவியைக் கொடுங்க”ன்னு வாங்கி, நேராப் பூசாரி தட்டுல போட்டுட்டேன். அவர் தாராளமான ஆளு. சந்தனம், குங்குமம், விபூதி, துளசித் தீர்த்தம், எல்லாத்தையும் அள்ளி வெச்சுக் கொடுத்தார். பல்லே தெரியலை. அத்தனை லட்சணம்!

எல்லாரும் கார்ல ஏறியாச்சு. முன்னால எங்கண்ணன். பின்னால நான், குழந்தைங்க, வளர்மதி. “ஸ்டார்ட் ஆகுமா? எதுக்கும் ஒரு ஆட்டோ சொல்லி வெக்கட்டுமா?”ன்னு கேக்கறாள் அவள். எங்கண்ணன் காதுல விழற மாதிரி! ஊரே சுத்தி நிக்குது. நான் சாவியை இவர் கையில கொடுத்தேன்.

இவர் சாவியைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போச்சு. எங்கண்ணனைப் பார்த்தார். சட்டுனு, “மச்சான், பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கற மாதிரி இருக்குது, பார்த்துட்டு வந்துடறேன்”னு இறங்கிப் பின்னால போனார். நான் பின் கண்ணாடி வழியாப் பார்க்கறேன். வண்டிக்குப் பின்னால குனிஞ்சு உட்கார்ந்து, வேட்டிக்குள்ள கையை விட்டு, டிராயர் பாக்கெட்ல இருந்து என்ன எடுக்கறார் தெரியுமா? அந்த ரோஸ் பிரஷ்ஷு! கோயிலுக்குப் பல்லு விளக்காமலேயே வந்திருக்கார் டீச்சர்! குலதெய்வம் கோயிலுக்கு!

அது போதாதுன்னு, நான் எடுத்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டையில சாவியைப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்கறார். மேல ஊதறார், கீழ ஊதறார், மறுபடி சட்டையில தேய்க்கறார். சாமி பிரசாதத்தைத் துடைக்கலாமா? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு, எங்கண்ணன் இருக்காரேன்னு அடக்கிக்கிட்டேன்.

வந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். கண்ணை மூடினார். ஒரே திருப்பு!

எங்கண்ணன் காரோட முன் பலகையைத் தடவிக் கொடுத்துக்கிட்டே கேட்டார், “வண்டி எப்படி மாப்பிள்ளை? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?”

நான் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுட்டேன். ரேஷன் கடை கரகாட்டத்தைச் சொல்லப் போறார், கட்டி இழுத்துட்டு வந்து விடறேன்னு சொல்லப் போறார்னு.

“தொந்தரவா? சாமியே உள்ள குடியிருக்குது மச்சான்”னார் இவர்.

எங்கண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வளர்மதி ஆட்டோவுக்கு எடுத்த போனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். எத்தனை குறை இருந்தாலும் சாமி பக்தி மட்டும் அந்த மனுசனுக்கு எப்படியோ வந்துடுச்சு, எல்லாம் என்னோட சேர்ந்து சேர்ந்து.

அந்தச் சட்டைக் கறைதான் இன்னும் போகலை. சோடாவுல ஊற வெச்சேன், எலுமிச்சை தேய்ச்சேன், ஊஹூம். கொடியில தொங்குது பாருங்க, வயித்துக்கிட்ட மஞ்சளா. தூக்கிப் போடுங்கன்னாலும் போட மாட்டேங்கறார். சனிக்கிழமை வண்டி கழுவறப்போ அதைத்தான் போட்டுக்கறார். இப்பவும் கழுவறார். பாய் சொன்னது சொன்னதுதான், இருந்தாலும் வண்டிச் சாவிக்கும் அவர் குளிக்கப் போறப்போ மாசத்துக்கு ஒரு தடவை, லேசா, பேருக்கு...

ஏன் டீச்சர், எழுந்துட்டீங்க? டீ அப்படியே இருக்கு. என்ன தேடறீங்க? மேசை மேல வெச்ச ஸ்கூட்டர் சாவியா? அது எங்க போகப் போகுது? டீ போட உள்ள போனப்பவே நான் எடுத்துட்டுப் போயிட்டேன். இனிமே உங்களுக்குப் பாய் நம்பரே தேவைப்படாது. இந்தாங்க, இன்னும் ஈரமா இருக்கு, பார்த்துப் பிடிங்க.

ஏன் இப்படிப் பார்க்கறீங்க? உங்களுக்கும் விவரம் தெரியும்தானே? தலையில எல்லாம் வெக்கலை டீச்சர். பல்லுலதான் வெச்சிருக்கேன்.